லாக்கில் இருந்த ஆள்

நான் சொல்லப்போவதை நானே பல வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை, தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நீங்கள் டேப்பும் கேமராவும் தூக்கிக்கொண்டு இந்தக் கால்வாயின் பழைய சங்கதிகளைத் தேடி வந்திருக்கிறீர்கள். எந்த வருஷம் வெட்டினார்கள், எந்தத் துரை காலத்தில் இந்தச் சுவர் எழும்பியது என்றெல்லாம் கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு ஆள் கிடந்தார் என்பது மட்டும் தெரியும். தெரியும் என்றுகூட அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு அப்படிச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

இப்படி நிழலுக்கு வாருங்கள். அந்தக் கல்லில் உட்காராதீர்கள், ஆடும். வந்து வந்து எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று எனக்குப் பழகிவிட்டது.

என் பெயர் சம்பத். ஐம்பத்தேழு வயதாகிறது. மயிலாப்பூரில் கால்வாய் ஓரமாக மாமாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சாரக்கட்டை, மூங்கில், பலகை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை. அந்தக் காலத்தில் அது விறகுத்தொட்டி. தெற்கேயிருந்து படகில் சவுக்கு விறகு வந்து இறங்கும். விறகு போய் கேஸ் வந்தது. படகு போய் லாரி வந்தது. தொட்டி போய்க் கடை வந்தது. நான் மட்டும் போகவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. தணிகாசலம். அவர் மகளைத்தான் எனக்குக் கட்டிவைத்தார். அதனால் எனக்கு மாமா, மாமனார், முதலாளி, வளர்த்த தகப்பன் எல்லாமே ஒரே ஆள். ஒருவரிடம் கோபித்துக்கொண்டு இன்னொருவரிடம் போய் உட்காரலாம் என்றால் முடியாது. எல்லா நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருப்பார்.

அவரைக் குறை சொல்ல வரவில்லை. சின்ன வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினவர் அவர். மீன் குழம்பு வைத்தால் தலைத்துண்டு எனக்குத்தான். சொந்த மகள் குணா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கும் சண்டை வந்தால் அவள் அந்த மீன் தலையைத்தான் முதலில் எடுப்பாள். "எங்கப்பாவைப் பத்திப் பேசாதீங்க. நான் திங்க வேண்டிய தலையைத் தின்னவர் நீங்க" என்பாள். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் ஒரு கேள்வியை எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்.

கதைக்கு வருகிறேன்.

என் அப்பா பெயர் தேசிங்கு. விறகுப் படகு ஓட்டினவர். அம்மா சம்பூர்ணம். என்னைப் பெறுவதற்கு அம்மா தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வேப்பஞ்சேரி என்று ஊர். இந்தக் கரையோடு வடக்கே நடந்தால் வரும். ஐப்பசி மாதம், அடைமழை. நான் பிறந்துவிட்டேன், அம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. பிரசவம் பார்த்தவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவரு வந்துட்டாரா?" மாமாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும், கல்யாணமான புதுசு. அப்பாவைக் கூட்டிவர அவரை அனுப்பினார்கள். போனார். திரும்பி வந்தார். "லாக்குல இருக்கான். வர முடியாது" என்றார். அதற்குப் பிறகு அம்மா கேட்கவில்லை. மறுநாள் அம்மா இல்லை.

இதுதான் கதை. சோறு ஊட்டும்போது மற்ற பிள்ளைகளுக்கு என்னென்னவோ கதை சொல்வார்கள். எனக்கு அத்தை இதைத்தான் சொன்னாள். அத்தை என்றால் மாமாவின் மனைவி, எனக்குப் பால் வாங்கி ஊற்றி வளர்த்தவள்.

"லாக்குன்னா என்னா அத்தை?" என்று கேட்டிருக்கிறேன்.

"போலீசு புடிச்சிட்டுப் போயி உள்ள போட்டுப் பூட்டுறது."

"எங்கப்பாவ எதுக்குப் பூட்டுனாங்க?"

"அதெல்லாம் உங்க மாமாவக் கேளு. வாயத் தொற."

மாமாவைக் கேட்டால், விறகு திருடினான் என்றார். கொஞ்சம் பெரியவனான பிறகு இன்னொரு தரம் கேட்டேன். கள்ளச்சாராயம் என்றார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம், யாரையோ துடுப்பால் அடித்துவிட்டான் என்றார். மூன்றையும் அப்பா செய்திருக்கலாம். இல்லை, மாமாவுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அப்போதிருந்துதான் எனக்கு இந்தக் கதையில் கால் நழுவ ஆரம்பித்தது. ஆனால் குற்றம்தான் மாறியது, தம்பி. லாக்கு மாறவில்லை. அதனால் லாக்கு நிஜம் என்று வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டால் மெல்லச் சொல்வேன். தேசிங்கு என்று சத்தமாகச் சொன்னால் எங்கேயோ ஒரு கான்ஸ்டபிள் திரும்பிப் பார்ப்பான் என்று பயம்.

அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். அதை மறைக்கவில்லை. விறகு கொண்டுவந்து தொட்டிக்குக் கீழே படித்துறையில் படகைக் கட்டுவார். மேலே ஏறி வர மாட்டார். அம்மா போன பிறகு, வெள்ளம் வடிந்து வேப்பஞ்சேரிக்கு வந்து நின்றவரிடம் மாமா வாசலிலேயே சொல்லிவிட்டாராம். "லாக்குல கெடந்தவனுக்கு இங்க இன்னா வேலை?" அப்பா ஒரு வார்த்தை பேசவில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாராம். குற்றம் செய்யாதவன் அப்படிப் போவானா என்று மாமா கேட்பார். நியாயமான கேள்விதான் என்று எனக்கும் அப்போது பட்டது.

படித்துறையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தால் துண்டில் முடிந்துவைத்த கொடுக்காப்புளியை நீட்டுவார். ஒரு தரம் வாங்கினேன். திரும்பிப் பார்த்தால் மாமா கணக்குப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. சும்மா பார்த்தார். கொடுக்காப்புளியைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். பத்து வயதிருக்கும். அன்றைக்குத்தான் அப்பாவிடம் நேராகக் கேட்டேன்.

"நீ லாக்குல இருந்தியாமே?"

"ஆமாண்டா. லாக்குலதான் இருந்தேன்" என்றார். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை. அப்புறம், "தண்ணி எறங்கல" என்றார்.

நான் என்னவென்று நினைத்தேன் தெரியுமா? குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம். மாமாவிடம் ஓடிவந்து, "ஒத்துக்கிட்டாரு மாமா" என்று சொன்னேன். மாமா என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் கால்வாயில் மண் மேடிட்டுப் படகு வருவது நின்றது. அப்பா வருவதும் நின்றது. நான் கடையில் நிற்க ஆரம்பித்துச் சில வருஷம் கழித்து அவர் தவறிப்போனதாகச் சேதி வந்தது. இந்தப் பக்கம்தான் எங்கேயோ உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாணப் பந்தலுக்குக் கட்டை ஏற்ற வேண்டியிருந்தது. வண்டி வாசலில் நின்றது. மாமா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆள் இல்லாத நாளில் நான் எப்படிப் போக முடியும்? கட்டை ஏற்றினேன். சூழ்நிலை அப்படி.

இப்போது இந்த இடத்துக்கு வருகிறேன். நீங்கள் அளந்துகொண்டிருக்கிற இடத்துக்கு.

என் மகள் தீபிகா சிவில் இன்ஜினீயரிங் படித்தாள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் காலேஜில் பழைய நீர்வழிகளைப் பற்றி ஏதோ எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். "அப்பா, நீங்கதான் கால்வாய் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவராச்சே, வாங்க" என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் வளர்ந்த கால்வாய் சாக்கடை. இங்கே வந்தால் தண்ணீர் பச்சையாக, கொக்கெல்லாம் நிற்கிறது. அதோ, ஆறு குறுக்கே போகிறது. இந்தப் பக்கம் படகுத்துறை. படிக்கல், கயிறு கட்டுகிற இரும்பு வளையம் எல்லாம் அப்படியே இருக்கிறது. துறையை ஒட்டி இந்தத் தொட்டி மாதிரி நீளமாக இரண்டு சுவர், இரண்டு முனையிலும் கதவு இருந்த இடம். அந்த முனையில் ஒற்றை மரக்கதவு இன்னும் தொங்குகிறது பாருங்கள்.

தீபிகா போட்டோ எடுக்கக் கீழே இறங்கப் போனாள். உள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அஞ்சாப்புலி என்று பெயர், அப்புறம் பழக்கமாகிவிட்டார். அவர் தலையைத் தூக்கி ஒரு அதட்டு போட்டார்.

"ம்மா, லாக்குல எறங்காத. சேறு இழுத்துக்கும்."

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"லாக்குல எறங்காதன்னேன். சிட்டிப் பொண்ணு, சேறு தெரியாது."

"எது லாக்கு?"

"நீ காலத் தொங்கப்போட்டுகினு குந்தினு கீறியே, அதுதான் லாக்கு."

தீபிகா சொன்னாள், "லாக்குப்பா. ஆத்துல தண்ணி ஒரு மட்டம், கால்வாய்ல ஒரு மட்டம். படகை உள்ள விட்டு ரெண்டு கதவையும் மூடிருவாங்க. தண்ணியை ஏத்தியோ இறக்கியோ சமமாக்கிட்டு அடுத்த கதவைத் தொறப்பாங்க." உங்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்கு ஐம்பது தாண்டும் வரைக்கும் யாரும் சொன்னதில்லை.

நான் அந்த ஆடுகிற கல்லில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆடியது கல்லா நானா தெரியவில்லை.

தண்ணி எறங்கல. லாக்குலதான் இருந்தேன்.

ஒரு மனிதன் என் முகத்துக்கு நேராக உண்மையைச் சொல்லியிருக்கிறான். நான் அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு ஓடிப்போய் மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். வேப்பஞ்சேரி வாசலில் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. லாக்கில் கிடந்தவன் என்றால் அவர் எப்படி இல்லை என்பார்? கிடந்தது உண்மைதானே. மாமா சொன்னது ஒரு லாக்கு, அவர் கேட்டது இன்னொரு லாக்கு.

அம்மாவும் அப்படித்தான். "லாக்குல இருக்கான்னு சொன்னதும் உங்கம்மா அவமானத்துல வாய மூடிக்கிட்டா" என்று மாமா சொல்வார். அவள் படகுக்காரன் பெண்டாட்டி, தம்பி. அவளுக்கு லாக்கு என்றால் இதுதான். சரி, தண்ணீர் இறங்கினதும் வந்துவிடுவார் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் கேட்பதை நிறுத்தியிருப்பாள். அந்த நினைப்போடு போயிருந்தால் நல்லது. அப்படித்தான் நான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய், என் அப்பா போலீஸ்காரனிடம் மாட்டினவர் இல்லை, வெள்ளத்தில் மாட்டினவர் என்று சொல்லிப் படத்துக்கு மாலை போட்டிருப்பேன். படம் கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் அடுத்த தரம் தனியாக வந்தேன். அஞ்சாப்புலி அன்றைக்கும் இருந்தார். அவர் அப்பா இங்கே கதவு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவராம். அவருக்குப் பீடி வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"வெள்ளம் வந்தா படகு உள்ளயே கெடக்குமா?"

"கெடக்கும். ஆத்துல வெள்ளம்னா கதவத் தொறக்க மாட்டாங்க. பின்னாடி வேற படகு வரிசையா நிக்கும், திரும்பவும் முடியாது. உள்ளயே சோறு பொங்கித் தின்னுகினு கெடப்பாங்க."

"ஆளால வெளியே வர முடியாதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் முடியாது? அதோ செவுத்துல ஏணி கீது பாரு. பூட்றது படகத்தான, ஆளயா?"

பாருங்கள் தம்பி, அந்தச் சுவரில். இரும்புப் படி. துருப்பிடித்திருக்கிறது, ஆனால் தாங்கும். நானே ஏறி இறங்கிப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கே ஏற முடிகிறது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு படகுக்காரனுக்கு அது ஒரு ஏணியா? ஒரு மனிதன் வெளியே வர வேண்டும் என்று நினைத்தால் எது தடுக்கும்?

போலீஸ் லாக்கப் என்றால் வர முடியாது. வரவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷம் எந்த லாக்கப்பை நினைத்து வெட்கப்பட்டேனோ, அந்த லாக்கப்பே இருந்திருக்கலாமே என்று அன்றைக்குத் தோன்றியது. அது அவருக்கு ஒரு சாக்கு. இந்த லாக்கில் சாக்கு இல்லை. ஏணிதான் இருக்கிறது.

அஞ்சாப்புலியிடம் அதையும் கேட்டேன். "ஏணி இருக்கும்போது ஏறி ஊட்டுக்குப் போக மாட்டாங்களா?"

"படக உட்டுட்டு எவன் போவான்? தண்ணி ஏற ஏறக் கயித்தத் தளர்த்தணும். எறங்குனா இழுத்துக் கட்டணும். ஆளு இல்லன்னா படகு ஒரு பக்கமா சாஞ்சி முழுகிப்புடும். வெறகு போனா போவட்டும், பின்னாடி நிக்கிற படகெல்லாம் இன்னா ஆவும்?"

"பொண்டாட்டி சாகக் கெடந்தா?"

பீடியை ஒரு இழுப்பு இழுத்தார். "அப்பிடின்னா யார்கிட்டயாவது கயித்தக் குடுத்துட்டு ஓடுவான். ஆனா அத யாருனா வந்து சொல்லணும்ல?"

அத யாருனா வந்து சொல்லணும்ல.

அவர் இறாலைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சொல்லத்தான் ஒருவர் போனாரே.

எனக்கு அத்தையின் ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. அத்தை போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. உயிரோடு இருந்த வரைக்கும் மாமாவைப் புகழ வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வாள். "உச்சிப்பொழுதுக்குக் கெளம்புன மனுசன், அந்த மழையில அவ்ளோ தூரம் போயிட்டு, வெளக்கு வைக்கறதுக்குள்ள திரும்பி வந்துட்டாரு. அக்கா மேல அவ்ளோ பாசம்." ஊர்க்காரர்களிடம் சொல்வாள், சம்பந்திகளிடம் சொல்வாள். என் கல்யாணத்தில்கூட சொன்னாள்.

போன பங்குனியில் வேப்பஞ்சேரிக்கு பஸ்ஸில் போய் இறங்கினேன். காலையில் டீ குடித்துவிட்டுக் கரையோடு இந்த லாக்கை நோக்கி நடந்தேன். சேறு இல்லை, மழை இல்லை, தரை காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு ஓடை குறுக்கிடுகிறது, இப்போது அதற்குப் பாலம் இருக்கிறது. அப்போது தோணிக்குக் காத்திருக்க வேண்டும். நான் இங்கே வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. இது போவதற்கு மட்டும்தான், திரும்பி வர இன்னொரு அவ்வளவு நேரம் வேண்டும். உப்பளத்துக்குள் குறுக்கே போனால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஐப்பசி மழையில் உப்பளம் ஏரியாக நிற்கும்.

இருபது வயதுப் பையன் ஓடியிருக்கலாம். நான் கிழவன், மெல்ல நடந்திருக்கலாம். அப்படியும் சொல்லிப் பார்த்தேன். போகிற வழியில் மாமா யாரையாவது பார்த்திருக்கலாம். "தேசிங்கா? லாக்குல மாட்டிக்கிட்டான்" என்று எதிரே வந்தவன் எவனாவது சொல்லியிருக்கலாம். அப்போது மாமா வீடு விவசாயக் குடும்பம், மயிலாப்பூரில் தொட்டி வைத்ததெல்லாம் பிறகுதான். படகு சங்கதி தெரியாது. லாக்கு என்றதும் போலீஸ் என்று பயந்துபோய்ப் பாதியில் திரும்பியிருக்கலாம். அப்படியானால் அவர் பொய் சொல்லவில்லை. கேட்டதைச் சொன்னார். என்னைப் போலவே அவருக்கும் அந்த வார்த்தை தப்பாக விழுந்திருக்கிறது. இல்லை, இது வரைக்கும் வந்தே இருக்கலாம். இந்தச் சுவர்மேல் நின்று கத்திச் சொல்லியிருக்கலாம். அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி எறங்கட்டும், வரேன்" என்று சொல்லியிருக்கலாம். அது தெரிந்தால் நான் என்ன செய்வேன்? அதை மறைக்கத்தான் மாமா போலீஸ், சாராயம், துடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாரோ? என் அப்பன் வர மறுத்தான் என்று சொல்ல மனசு வராமல் என்னை இத்தனை வருஷம் காப்பாற்றினாரோ?

எல்லாமே பொருந்துகிறது, தம்பி. அதுதான் என் கஷ்டம். ராத்திரி படுத்தால் ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும், அடுத்த கதவு மூடியிருக்கும்.

வீட்டுக்குப் போனால் முன்னறையில் மாமா கட்டிலில் இருக்கிறார். எந்த அறைக்குப் போவதானாலும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். "சாப்டியாடா?" என்பார். இந்த நாலைந்து வருஷமாக ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும். சாப்பிட்டேன் மாமா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். கேட்டால், எனக்குச் சோறு போட்ட கையைப் பிடித்துத் திருகுகிற மாதிரி. கேட்காவிட்டால், கொடுக்காப்புளியைத் தண்ணீரில் போட்ட கை அப்படியே இருக்கிற மாதிரி. வேறு எங்கேயாவது குடியிருந்தாலும் பரவாயில்லை. கடை, வீடு, பெண்டாட்டி எல்லாம் அவருடையது. எனக்குப் போக்கிடம் எது?

குணாவுக்குத் தெரிந்துவிட்டது, என் மனசில் என்னமோ ஓடுகிறது என்று. போன வாரம் சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், "எங்கப்பாவ என்னமோ கேக்கணும்னு மூஞ்சிய வச்சிக்கிட்டு வருஷக்கணக்கா சுத்தறீங்க. கேட்டுத் தொலைங்க. இல்ல, இந்த வீடு புடிக்கலன்னா கெளம்புங்க, நானும் வரேன். உங்கள யாரு புடிச்சு வச்சிருக்கா?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது. பிடித்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் பிடித்து வைத்திருப்பதா? இத்தனை வருஷப் பழக்கத்தில் ஒருவன் எப்படி எழுந்து போவான்?

ஆனால் ஒன்று. மாமாவுக்கு இப்போது மூச்சு இழுக்கிறது. பேச்சு குறைந்துவிட்டது. சில நாள் குணாவையே அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அந்த நாளைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போய்விட்டால் என் அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு இங்கேயே நிற்க வேண்டியதுதான். வர மாட்டேன் என்றாரா, வரச்சொல்லி யாரும் சொல்லவே இல்லையா என்று தெரியாமலேயே.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

ஞாயிறுதோறும் மாமாவுக்கு நான்தான் சவரம் செய்துவிடுவேன். வெளி ஆள் வந்தால் பிடிக்காது. "நீ பண்ணு, உன் கை மெத்துனு இருக்கு" என்பார். நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, நுரை போட்டேன். ஒரு கன்னம் முடித்துவிட்டு மெல்ல ஆரம்பித்தேன்.

"மாமா, எங்கம்மா செத்தன்னிக்கு நடந்ததச் சொல்லுங்களேன்."

"தெரிஞ்சதுதானடா."

"சும்மா சொல்லுங்க. ரொம்ப நாளாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஒரு வார்த்தை பிசகவில்லை. "மழைன்னா மழை. அக்கா கேட்டுக்கினே இருந்துச்சு. போயி கூட்டினு வாடான்னாங்க. போனேன். லாக்குல இருந்தான். வர முடியாதுன்னுட்டாங்க."

"யாரு சொன்னது, வர முடியாதுன்னு?"

"எல்லாரும்தான்."

"அவரு என்ன சொன்னாரு?"

மாமா கண்ணைத் திறந்தார். பாதி முகம் மழமழவென்று, பாதி முகம் நுரை. கையால் நாற்காலிப் பிடியைத் தேடினார். "இன்னொரு பக்கம் பண்ணுடா. காயுது" என்றார்.

நான் ரேசரைக் கிண்ணத்தில் போட்டேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டேன். சமையலறையில் குணா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன், சின்ன வயதில் உட்கார்வது போல.

"மாமா, அன்னிக்கு நீங்க லாக்கு வரைக்கும் போனீங்களா?"